பக்கத்தை விட்டு வெளியே வந்து பார்: நெப்ராஸ்காவில் 6 வகுப்புகள், பீகாரில் 4 மாதங்கள்

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக்கில் வந்த வீடியோ. மங்கலான கேமரா காட்சி, யார் என்ன பேசுகிறார்கள் என்று எதுவும் தெரியாது, ஓர் ஆள் வாக்குச்சீட்டுகளைக் கத்தையாக எடுத்துப் பெட்டிக்குள் திணிக்கிறார். 2016இல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய தேர்தலில் நடந்த மோசடி என்று பதிவு சொல்கிறது. உண்மையில் அது ரஷ்யத் தேர்தல் ஒன்றில் எடுத்த காட்சி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு இந்த வீடியோவை 2018-19இல் அமெரிக்கா முழுக்க 14 பள்ளி மாவட்டங்களில் (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அமைப்பு அங்கே பள்ளி மாவட்டம்) 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் காட்டி, மோசடிக்கு இது வலுவான ஆதாரமா என்று கேட்டது. கையில் கணினி இருந்தது, இணையம் இருந்தது, எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 52 சதவீதம் பேர் வலுவான ஆதாரம்தான் என்று நம்பினார்கள். வீடியோ எங்கிருந்து வந்தது என்று தேடி மூலத்தைப் பிடித்தவர்கள் 3 பேர். 3 சதவீதம் என்று நினைத்துவிட வேண்டாம், மூன்றே மூன்று மாணவர்கள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன். இந்த எண்ணிக்கையைப் படித்த நாளிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. நம் பிள்ளைகள் போனில் எவ்வளவு வேகம் என்று நமக்குத் தெரியும், நமக்கு வராத ஒரு செட்டிங்கை இரண்டு விநாடியில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு இவர்களுக்கு இணையம் தெரியும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். போனை ஓட்டத் தெரிவது ஒரு திறமை. போனில் வந்ததை எடைபோடத் தெரிவது முற்றிலும் வேறொரு திறமை, அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் வருமா, எத்தனை வகுப்பு வேண்டும், எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்குக் கையில் பிடித்துக்கொள்ளும்படியான இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனில் நடந்தது, மற்றது பீகார் கிராமங்களில்.

பிள்ளைகள் எங்கே இடறினார்கள்

லிங்கனுக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நோய் தெரியாமல் மருந்தைப் பேசிப் பயனில்லை. இதே ஸ்டான்ஃபோர்ட் குழு 2016 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 12 மாநிலங்களில், நடுநிலைப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை, 7,804 விடைகளைத் திரட்டிப் பார்த்திருந்தார்கள். அதில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு பணி: இணையத்தில் யாரோ போட்ட ஒரு படம், டெய்சிப் பூக்கள் கோணல்மாணலாக ஒட்டிப் பிறந்தது போல் இருக்கும், ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் பூக்களுக்கு வந்த பிறவிக் கோளாறு என்று தலைப்பு. அந்த உலையைச் சுற்றியுள்ள இடம் எப்படி இருக்கிறது என்பதற்கு இந்தப் பதிவு வலுவான ஆதாரமா என்பது கேள்வி. கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். காரணம்? படம் இருக்கிறதே! படத்தை ஃபுகுஷிமாவில்தான் எடுத்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவில் ஒரு துப்பும் கிடையாது, போட்டவர் யார் என்றும் தெரியாது. இதைக் கேட்டவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு.

வீடியோ காட்டிய அந்த 2018-19 ஆய்வில் இன்னொரு பணி இருந்தது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேசும் ஒரு இணையதளம், அறிவியல் கட்டுரை போலவே எழுதியிருப்பார்கள், பின்னால் புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களின் பணம் இருந்தது. அந்தத் தொடர்பு அதன் நம்பகத்தன்மையை ஏன் குறைக்கும் என்று 96 சதவீதம் பேர் யோசிக்கவே இல்லை. தளம் பார்க்க நன்றாக இருக்கிறதா, முகவரி '.ஆர்க்' (.org) என்று முடிகிறதா, 'எங்களைப் பற்றி' பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள், புள்ளிவிவரம் தருகிறார்களா, இவற்றைத்தான் பார்த்தார்கள். '.ஆர்க்' முகவரியைக் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தன்னைத் திருடன் என்று எவனும் எழுதிவைக்க மாட்டான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் பழக்குகிறோம். பத்தியைப் படித்து விடையளி. அதாவது விடை அந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறது, நன்றாக உற்றுப் படித்தால் கிடைத்துவிடும், பத்திக்கு வெளியே போனால் மதிப்பெண் போய்விடும். பன்னிரண்டு வருடம் இதைச் செய்த பிள்ளை, ஒரு இணையப் பக்கம் திறந்தால் அதையும் பத்தியாகத்தான் படிக்கும். மேலிருந்து கீழ்வரை கவனமாக, மரியாதையாக. அந்தப் பக்கத்தை எழுதினவனுக்கு வேண்டியதும் அந்தக் கவனம்தான்.

45 பேர், ஒரே திரை

மாற்று வழி எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2017இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மூன்று வகை ஆட்களைக் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள்: 10 முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள். திரையில் ஓடுவதைப் பதிவுசெய்துகொண்டே, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

ஒரு பணியில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களைக் கொடுத்து எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 1930இல் தொடங்கியது, பல்லாயிரக்கணக்கான மருத்துவர்கள் உறுப்பினர்கள், துறையின் முக்கியமான ஆய்விதழை நடத்துகிறது. மற்றது அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் இது 2002இல் பிரிந்துபோன ஒரு சிறு குழு, ஒருபால் இணையர்கள் குழந்தை தத்தெடுப்பதை அகாடமி ஆதரித்ததை ஏற்காமல் விலகியவர்கள். மாணவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் இந்த இரண்டாவது தளத்தை நம்பகமானது என்றார்கள். வரலாற்றாசிரியர்களில் பாதிப் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் பத்துப் பேரும் சரியாகச் சொன்னார்கள், நேரமும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்தது என்ன? தளத்துக்குப் போன சில விநாடிகளிலேயே அதை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். பக்கத்தில் இரண்டு மூன்று டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள், ஆள் யார் என்று புரிந்த பிறகுதான் திரும்பி வந்து படித்தார்கள். இதற்கு ஆய்வாளர்கள் வைத்த பெயரைத் தமிழில் பக்கவாட்டு வாசிப்பு என்று சொல்லலாம். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் செய்தது மேலிருந்து கீழான செங்குத்து வாசிப்பு. வீட்டுக்கு வரன் வந்தால் நாம் என்ன செய்வோம்? மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகத்தையும் போட்டோவையும் உற்றுப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்போம்? அந்த ஊரில் தெரிந்தவர் யார் என்று தேடிப்பிடித்து விசாரிப்போம். அதுதான் இது.

இன்னொரு சின்னப் பழக்கமும் அவர்களிடம் இருந்தது. கூகுளில் தேடியதும் முதலில் வந்ததைச் சொடுக்கிவிட மாட்டார்கள். முடிவுகளின் வரிசையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்டு, அப்புறம்தான் ஒன்றைத் திறப்பார்கள். விரலைக் கொஞ்சம் அடக்குவது, அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து காட்டாமல் வாயால் சொன்னால் ஒரு பிள்ளைக்கும் ஏறாது.

லிங்கனில் என்ன நடந்தது

இந்தப் பழக்கங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் லிங்கன் நகரப் பள்ளி மாவட்டம் முழுக்கச் சோதனை நடந்தது. தனியாக ஒரு பாடம் உருவாக்கவில்லை, சிறப்பு ஆசிரியர் யாரையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்று நடத்துகிற வழக்கமான குடிமையியல் வகுப்புக்குள்ளேயே, அந்தப் பாடத்தின் ஆசிரியர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, 50 நிமிட வகுப்புகள் ஆறு நடத்தினார்கள். சோதனையில் 499 மாணவர்கள், ஒரு பகுதியினருக்கு இந்த ஆறு வகுப்புகள், மற்றவர்களுக்கு வழக்கமான பாடம். முடிவு 2022இல் கல்வி உளவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது: ஆறு வகுப்பு படித்தவர்கள் இணையத் தகவலை எடைபோடுவதில் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள்.

பாடத்தின் மையம் மூன்று கேள்விகள். இந்தத் தகவலுக்குப் பின்னால் இருப்பது யார்? ஆதாரம் என்ன? மற்ற இடங்களில் என்ன சொல்கிறார்கள்? கேள்விகள் எளிமையாகத்தான் இருக்கின்றன, சுவரில் எழுதி ஒட்டிவிடலாம், ஒட்டிவிட்டு மறந்தும் விடலாம். லிங்கனில் வேலை செய்தது கற்றுக்கொடுத்த விதம். ஆசிரியர் முதலில் தானே திரையில் உண்மையான இணையத்தில் தேடிக் காட்டுகிறார், "இந்தத் தளம் எனக்குத் தெரியாது, அதனால் இப்போதே படிக்கப் போவதில்லை, பேரைத் தேடுகிறேன், இரண்டாவது முடிவு ஒரு செய்தித்தாள், அதைத் திறக்கிறேன்" என்று மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே. பிறகு பிள்ளைகள் சேர்ந்து செய்கிறார்கள், அதற்குப் பிறகு தனியாக. தச்சுப் பட்டறையில் தொழில் பழகுவது இப்படித்தான். உளியைப் பற்றிய பாடம் கேட்டு யாரும் தச்சரானதில்லை.

விக்கிபீடியா விஷயம் பல ஆசிரியர்களுக்கு உறுத்தலாக இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், நம்பாதே என்றுதான் நாமெல்லாம் சொல்லி வந்திருக்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். உண்மை சரிபார்ப்பவர்களோ அறிமுகமில்லாத அமைப்பு ஒன்றைப் பற்றி அறிய முதலில் அங்கேதான் போனார்கள். அங்கேயே நின்றுவிடவில்லை, கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு நம்பகமான இடங்களுக்குப் போனார்கள். அதைத் தொடாதே என்று பிள்ளைகளிடம் சொன்னால், அரை நிமிடத்தில் ஆளை அடையாளம் காட்டும் கருவியை அவர்கள் கையிலிருந்து நாமே பிடுங்கிக்கொள்கிறோம்.

ஒரு மணி நேர முகாம் ஏன் போதாது

இங்கே பீகாருக்கு வர வேண்டும். 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கயாவில், சுமித்ரா பத்ரிநாதன் என்ற அரசியல் அறிவியலாளர் 1,224 பேரிடம் ஒரு சோதனை செய்தார். வீடு தேடிப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். தேர்தல் முடிந்து போய்ப் பார்த்தால், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. அதைவிட வருத்தம், பயிற்சி பெற்ற பாஜக ஆதரவாளர்கள் தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை அடையாளம் காண்பதில் இன்னும் பின்தங்கியிருந்தார்கள். நம் பள்ளிகளில் ஒரு நாள் 'விழிப்புணர்வு முகாம்' நடத்தி, உறுதிமொழி எடுத்து, குழுப் படம் பிடித்து முடித்துவிடுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய முடிவு இது.

பிறகு அதே மாநிலத்தில் பத்ரிநாதனும் மூன்று ஆய்வாளர்களும் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். மாநில அரசின் ஓர் அமைப்போடு சேர்ந்து, 583 கிராமங்களில், சுமார் 13,500 பள்ளிப் பிள்ளைகளோடு, 4 மாதம் நீண்ட பாடத்திட்டம். பெரும்பாலும் உடல்நலம் பற்றிய பொய்கள்தான் பாடப்பொருள். திறமையோடு நிற்காமல், பெரியவர் ஒருவர் தவறான செய்தியை அனுப்பினால் அவரிடம் எப்படிப் பேசுவது போன்ற பழக்கவழக்கத்தையும் தொட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே காலத்தில் ஆங்கில வகுப்பு, ஆக அவர்களும் வெறுங்கையோடு போகவில்லை. பாடம் படித்தவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்துச் சொல்வதில் தெளிவாக முன்னேறினார்கள். பாடம் முடிந்து 4 மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது, பாடத்தில் மையமாக இல்லாத அரசியல் பொய்களிலும் பலன் தெரிந்தது. அப்பா அம்மாக்களும் தேறியிருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி. வகுப்புக்கே வராதவர்கள் அவர்கள்.

'உண்மையையும் பொய்யையும் பிரிப்பது' என்று அளந்தார்களே, அந்தச் சொற்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். எதையும் நம்பாதே என்று கற்றுக்கொடுப்பது ரொம்பச் சுலபம், ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்குச் சரியான செய்தியையும் "எல்லாம் பொய், எல்லாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள்" என்று தள்ளிவிடும். அப்படிப் பேசுகிற பதினேழு வயதுப் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அது விவரம் என்று நினைக்கிறார்கள். அதனால் வகுப்பில் கொடுக்கும் செய்திகளில் பாதியாவது உண்மையானவையாக இருக்க வேண்டும், அதில் சிலவாவது கேட்டால் நம்ப முடியாதவையாக.

நம் வகுப்புக்குக் கொண்டுவரும்போது

லிங்கன் பாடத்தை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே ஒட்டாது. அங்கே பாடம் பெரும்பாலும் இணையதளங்களைச் சுற்றியது. நம் பிள்ளைகளுக்குச் செய்தி வருவது வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும். வாட்ஸ்அப் செய்திக்கு முகவரி கிடையாது, 'எங்களைப் பற்றி' கிடையாது, பெரியப்பா அனுப்பினார் என்பதைத் தவிர அதற்கு ஊர் பேர் எதுவும் இல்லை. பின்னால் இருப்பது யார் என்ற முதல் கேள்வியே அங்கே முட்டி நிற்கும். அப்போது மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்: செய்தியில் உள்ள ஊர், நாள், எண் இவற்றை எடுத்துத் தேடு, வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடு, வேறு எங்கே, எந்தத் தேதியில் வந்திருக்கிறது என்று பார். தமிழில் தேடினால் கிடைப்பது பல நேரம் அந்த வதந்தியையே திருப்பிச் சொல்லும் சேனல்கள்தான், அதனால் ஆங்கிலத்திலும் ஒருமுறை தேடப் பழக்க வேண்டும். தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் இருப்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2018இல் குழந்தை கடத்தல் பீதி கிளம்பியபோது இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்று உண்டு, பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த ஆட்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஓர் அறிவிப்பு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். அதே பீதியில், அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்றில் இருந்த வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காகக் கூட்டம் சூழ்ந்து அடித்ததில் அவர் இறந்தேபோனார். வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து சாட்களுக்கு (தனி ஆளோ குழுவோ) மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான். வகுப்பில் முதலில் வெட்டிய வீடியோவைக் காட்டுங்கள், பிறகு முழுதையும் காட்டுங்கள், ஒரு வார்த்தை விளக்கம் வேண்டியதில்லை.

2023 மார்ச் இன்னொரு பாடம், அது பீகாரையும் தமிழ்நாட்டையும் இணைக்கிறது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று அங்கே போன்களில் வீடியோக்கள் பறந்தன. கோவை நீதிமன்றத்துக்கு அருகே உள்ளூர் கும்பல் பகையில் நடந்த கொலையும், வேறு மாநிலங்களில் நடந்த சம்பவங்களும் புலம்பெயர் தொழிலாளர் மீதான தாக்குதல் என்று உருமாறிப் போயிருந்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது, தமிழ்நாட்டுக் காவல்துறை மறுப்பு வெளியிட்டது, சிலர் மீது வழக்குகள் பதிவாகின. திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது செய்தித்தாள் விஷயம் அல்ல, பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களின் கதை. நம் ஊரைப் பற்றி வேறு மொழியில் பரவிய பொய்யைப் பார்க்கும்போது, வேறு ஊரைப் பற்றி நம் மொழியில் வருவதை நாம் எப்படி விழுங்குகிறோம் என்று பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள், அந்தக் கேள்வி அவர்களிடமிருந்து வர வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. பொதுத்தேர்வு, நீட், ஜேஇஇ என்று ஓடுகிற பள்ளியில் நூலக வகுப்பைக்கூட வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். என் கணக்கு இது: ஆறு வகுப்பை ஒரே வாரத்தில் கொட்டாமல், பிளஸ் ஒன்னில் ஆங்கில, தமிழ்ப் பாடவேளைகளிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து ஒரு பருவம் முழுக்கப் பரப்பலாம், பீகாரில் நான்கு மாதம் நீட்டியதற்குப் பலன் இருந்ததே. மாணவர் கையில் போன் வேண்டாம் என்கிற பள்ளி என்றால் ஹைடெக் லேபில் செய்யலாம், இருவருக்கு ஒரு கணினி போதும், சொல்லப்போனால் இருவராக உட்கார்ந்தால்தான் ஒருவர் அவசரப்பட்டுச் சொடுக்கும்போது மற்றவர் "இருடா, கீழே பார்" என்பார். அரசியல் கட்சிகளைத் தொடும் செய்தியைக் கடைசி இரண்டு வகுப்புகளுக்குத் தள்ளிவைக்க வேண்டும், முதலில் மருந்து, உணவு, மழை, விடுமுறை அறிவிப்பு. கயாவில் ஏற்பட்டது வகுப்பறையில் ஏற்படாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆறாவது வகுப்பில் தேர்வு. மூன்று செய்திகள், பத்து நிமிடம், இணையம் திறந்திருக்கும். ஒவ்வொரு செய்தியையும் நம்புவீர்களா மாட்டீர்களா, ஏன் என்று நான்கு வரி எழுத வேண்டும், கூடவே எந்தெந்தப் பக்கங்களை எந்த வரிசையில் திறந்தார்கள் என்று ஒரு பட்டியலும். திருத்தும்போது அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுப்பேன்.